இரைச்சலா, அலைச்சலா?

மின்னணுவியலில் 'ஃபேஸ் நாய்ஸ்' என்று ஒரு பெயர் உண்டு. செல்பேசி, ரேடார், ஜிபிஎஸ் கருவி என்று எதில் அலையியற்றிச் சுற்று இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தப் பெயரும் கூடவே வரும். நம் பாடநூல்களில் ஃபேஸ் என்றால் கட்டம், நாய்ஸ் என்றால் இரைச்சல். இரண்டையும் ஒட்டினால் 'கட்ட இரைச்சல்'. சொல்லுக்குச் சொல் பழுதில்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் பழுதுள்ளது என்பது என் முடிவு. 'நாய்ஸ்' என்பது காதால் கேட்ட ஒன்றுக்கு வைத்த பெயர். கேட்க முடியாத, தன்மையே வேறான ஒன்றின் மேல் பிற்பாடு அது போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெயரை நம்பிப் போனவர்கள், அலையியற்றியைக் கணினியில் சிமுலேஷன் செய்யும்போது நெடுங்காலம் இடறினார்கள். பெயர் வந்த வழியைப் பின்தொடர்ந்தால் இடறிய இடமும் தெரியும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். அலையியற்றி என்பது மாறாத இடைவெளியில் ஒரே அலையைத் திரும்பத் திரும்பத் தரவேண்டிய சுற்று. 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி அலை. ஓர் அலைக்கு 10 நானோநொடி. எந்த அலையியற்றியும் இந்தக் கணக்கை அப்படியே காப்பாற்றுவதில்லை. ஓர் அலை இம்மியளவு முந்தும், அடுத்தது இம்மியளவு பிந்தும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டரிலும் மின்தடையிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் துடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தத் துடிப்பு அலையின் நேரத்தைத் தொட்டுவிடுகிறது. ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால், ஒற்றைக் கோடாக நிற்கவேண்டிய அலை அடிவாரத்தில் இருபுறமும் சரிந்து விரிந்திருக்கும். அந்தச் சரிவைப் பொறியாளர்கள் 'ஸ்கர்ட்' என்பார்கள். நடுவிலிருந்து இத்தனை ஹெர்ட்ஸ் தள்ளி, ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில், மொத்தத் திறனில் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்று டெசிபெல்லில் சொல்லுவதே அளவு. மைனஸ் 150 என்றால் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதுகூட ஒரு ரேடார் பொறியாளரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஃபேஸ் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வருகிறது. 'ஃபைனெய்ன்' என்றால் காட்டு, தோன்று. அதிலிருந்து 'ஃபாசிஸ்', தோற்றம். ஃபினாமினன், ஃபேண்டம் எல்லாம் இதே குடும்பம். ஐரோப்பிய மொழிகளில் முதலில் இது நிலாவுக்கு உரிய சொல்: பிறை, அரைநிலா, முழுநிலா என்று நிலா காட்டும் முகங்கள். நாம் 'கலை' என்று சொல்லுவது. அங்கிருந்து, திரும்பத் திரும்ப நிகழும் எதிலும் 'இப்போது எந்த இடத்தில் இருக்கிறது' என்பதற்கு இது பெயராயிற்று. அலையைப் படித்தவர்கள் அதைக் கோணமாக அளந்தார்கள். இப்படிக் கோணமாக அளப்பது பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டுக்குப் புதிதாக இராது. சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி முடிகிறது. 30 திதியில் 360 பாகை. ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்தை ஒட்டியும் நீளலாம். கோணம் நகரும் வேகம் சீராக இல்லை என்பதே காரணம். கோணம் வேறு, கடிகாரம் வேறு என்ற இந்தப் பிரிவு முழுக் கட்டுரைக்கும் அடிப்படை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஃபேஸை 'அவத்தை' என்கின்றன. நிலை என்னும் பொருளுள்ள அவஸ்தாவின் தமிழ் வடிவம். நம் 'கட்டம்' தேர்தல் அறிவிப்பிலும் ஜாதகத்திலும் புழங்கும் சொல். இரண்டும் வேலைக்கு ஆகும். ஃபேஸ் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை நாய்ஸ் என்ற சொல்லோடுதான். பழைய பிரெஞ்சில் இதற்கு ஆரவாரம், சச்சரவு என்று பொருள்; வம்புக்கு இழுப்பதைச் சொல்லும் ஒரு தொடரில் அது இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. அதற்கும் பின்னால் போனால், பெரும்பாலான அகராதிகள் லத்தீனின் 'நாசியா'வைக் காட்டுகின்றன. கப்பலில் போகிறவனுக்கு வரும் குமட்டல். கிரேக்கத்தில் 'நௌஸ்' என்றால் கப்பல். சமஸ்கிருத 'நௌ' அதன் உறவு. சங்க இலக்கியத்தின் 'நாவாய்' இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததா, தனிவேர் கொண்டதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தமிழ் 'இரைச்ச'லுக்கும் கடல் அருகில்தான் இருக்கிறது. கடல் இரையும், மழை இரையும், சந்தை இரையும். எல்லாம் காதுக்கு வருவது. வெளியிலிருந்து வந்து, நமக்கு வேண்டிய ஓசையோடு கலந்து, அதை மூடுவது. இரைச்சல் என்ற சொல்லுக்குள் இருக்கும் படம் இதுதான்: ஒன்றின் மேல் இன்னொன்று கூடிவிட்டது.

தொலைபேசியும் வானொலியும் வந்தபோது இந்தப் படம் பொருத்தமாகவே இருந்தது. காதில் வைத்த கருவியில் பேச்சோடு சேர்ந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. ஆனாலும் அந்தச் சத்தத்தின் வேரைத் தேடிய பெரிய கட்டுரைகள் தலைப்பில் அந்தச் சொல்லைத் தவிர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. 1918-இல் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த வால்ட்டர் ஷாட்கி எழுதியது, தானாக நிகழும் மின்னோட்ட ஏற்ற இறக்கங்களைப் பற்றி. அதில் அவர் வைத்த பெயர் 'ஷ்ரோட்' விளைவு. ஷ்ரோட் என்றால் வேட்டைத் துப்பாக்கியில் போடும் சிறு ரவை. எலக்ட்ரான்கள் ஒழுகும் நீராக வராமல் ரவை ரவையாக வந்து விழுகின்றன என்பது பொருள். ஆங்கிலத்தில் அது 'ஷாட்' ஆனது. ஷாட்கியின் பெயரைச் சுருக்கியதுதான் ஷாட் என்று நினைக்கிற மாணவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இல்லை, அது ரவைதான்.

1928-இல் பெல் ஆய்வகத்தின் ஜான்சனும் அதன் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் நைக்விஸ்ட்டும் அடுத்தடுத்து வெளியிட்ட கட்டுரைகளின் தலைப்பிலும் 'வெப்பக் கிளர்ச்சி' என்றுதான் இருந்தது. இருவரும் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். ஒருவர் அளந்தார், மற்றவர் விளக்கினார். அறை வெப்பநிலையில் எந்த மின்தடையும் தரக்கூடிய திறன் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் மைனஸ் 174 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டுக்கு 174 டெசிபெல் கீழே. எந்தப் பொருளால் செய்தாலும், என்ன விலை கொடுத்தாலும் இதே எண். பொறியாளர்களின் பேச்சில் இது 'ஜான்சன் நாய்ஸ்' ஆகிவிட்டது. கட்டுரைத் தலைப்பை விடத் தொழிற்கூடத்துப் பேச்சுக்குப் பலம் அதிகம்.

ஜான்சன் 1925-லேயே இன்னொன்றையும் பார்த்திருந்தார். குறைந்த அதிர்வெண்களில், ரவைக் கணக்குச் சொல்லுவதைவிட ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தது. மறு ஆண்டு ஷாட்கி அதற்கு 'ஃப்ளிக்கர்' என்று பெயரிட்டார்: விளக்குச் சுடர் படபடப்பது. இது கண்ணுக்குரிய சொல். வெள்ளை நாய்ஸ் என்பதும் வெள்ளை ஒளியிலிருந்து எடுத்த பெயர். காதுக்குரிய பெயர்ச்சொல்லுக்குக் கண்ணுக்குரிய அடைமொழிகள் சேர்ந்துகொண்டே வந்தன. காதின் பிடி தளர்ந்துவிட்டதன் அடையாளம் அது. சுடரின் முதலெழுத்து இன்றைக்கும் சிமுலேஷன் கோப்புகளில் இருக்கிறது. ஸ்பைஸ் மென்பொருளில் டிரான்சிஸ்டருக்குத் தரும் 'கேஎஃப்' என்ற எண்ணில் உள்ள எஃப், ஃப்ளிக்கரின் எஃப்.

மூன்றாவது சொல் ஆசிலேட்டர். லத்தீனில் 'ஆசில்லும்' என்றால் ஊஞ்சல். அதே வடிவத்துக்குச் 'சிறிய முகம்' என்றும் பொருள் உண்டு. மதுவின் தெய்வமான பாக்கஸின் சிறு முகமூடிகளை ரோமானிய உழவர்கள் மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள், அவை காற்றில் ஆடும்; அதிலிருந்தே ஆட்டத்துக்குப் பெயர் வந்தது என்பது மரபான விளக்கம். வெர்ஜிலின் ஜார்ஜிக்ஸில் இந்த முகமூடிகள் வருகின்றன. தமிழில் ஆட்டத்துக்கு 'அலைவு' என்றும், அதைச் செய்வதற்கு 'அலையியற்றி' என்றும் வைத்தார்கள். அலை என்ற வேர் தமிழில் இரட்டை வேலை செய்வது. நீர் அலையும், மனிதனும் அலைவான். முதலாவது வந்த இடத்துக்கே திரும்பும் அசைவு. இரண்டாவது, திரும்பாமல் எங்கேயோ போய்விடும் அசைவு: அலைச்சல். இந்த இரண்டாவது பொருளை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

'ஃபேஸ் நாய்ஸ்' என்ற சேர்க்கைக்கு முன்னால் இதே பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தன. ஆர்ம்ஸ்ட்ராங் 1936-இல் பண்பலை ஒலிபரப்பைப் பற்றி எழுதியபோது 'தொந்தரவுகள்' என்ற பொருளுள்ள சொல்லைத்தான் தலைப்பில் வைத்தார். 1964 நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்தில், நாசாவின் காடர்ட் மையத்தில் மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ-யும் நாசாவும் சேர்ந்து நடத்திய கருத்தரங்குக்குக் 'குறுங்கால அதிர்வெண் நிலைத்தன்மை'யே பொருள். குறையைச் சொல்லாமல் நிறையைச் சொல்லும் பெயர். அங்கே ஒரு பக்கம் அணுக்கடிகாரக்காரர்கள், மறுபக்கம் ரேடார்க்காரர்கள். கடிகாரக்காரர்களுக்கு நாள்கணக்கில், மாதக்கணக்கில் எவ்வளவு பிசகுகிறது என்ற கவலை. ரேடார்க்காரர்களின் கவலை வேறு. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் ஒரு பொருள் வந்தால், அதன் எதிரொலி அனுப்பிய அதிர்வெண்ணிலிருந்து வெறும் 2 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வந்து விழும். பக்கத்திலேயே, அசையாத தரையின் எதிரொலி பல கோடி மடங்கு பலத்தோடு நிற்கிறது. அலையியற்றியின் ஸ்கர்ட் 2 கிலோஹெர்ட்ஸ் வரை விரிந்திருந்தால் வருகிற பொருள் அதற்கடியில் மறைந்துபோகும். அவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

அந்தக் கருத்தரங்கின் தொடர்ச்சியாக 1966 பிப்ரவரியில் ஐஇஇஇ-யின் இதழ் அதிர்வெண் நிலைத்தன்மைக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. கடிகாரக்காரர்களின் அளவையான ஆலன் மாறுபாடு அதில்தான் வந்தது. அதே இதழில் டேவிட் லீசன் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றும் இருந்தது. ஸ்கர்ட்டின் வடிவத்தை அவர் ஒரே சூத்திரத்தில் கொண்டுவந்துவிட்டார். ஒத்திசைவுச் சுற்றின் தரக்காரணி இரட்டித்தால் 6 டெசிபெல் லாபம்; அலையின் திறன் இரட்டித்தால் 3 டெசிபெல். நடுவிலிருந்து விலக விலக முதலில் பத்து மடங்குக்கு 30 டெசிபெல் சரிவு, பிறகு 20, கடைசியில் தட்டை. அரை நூற்றாண்டு தாண்டியும் வடிவமைப்பாளர்கள் முதல் கணக்கை இதில்தான் போடுகிறார்கள். அதற்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் சூத்திரத்தின் உள்ளே இரைச்சலின் பழைய படம் அப்படியே இருக்கிறது: பெருக்கி ஒன்று, வெளியிலிருந்து வந்து சேரும் நாய்ஸ் ஒன்று, வடிகட்டி ஒன்று. பெருக்கி எவ்வளவு நாய்ஸ் சேர்க்கிறது என்று சொல்லும் எண்ணை முன்கூட்டிக் கணிக்க வழியில்லை. சுற்றைச் செய்து, அளந்து, பிறகு அந்த எண்ணைப் பொருத்தவேண்டும். அதோடு, நடுவை நெருங்க நெருங்கச் சூத்திரம் முடிவிலிக்கு ஓடுகிறது. எந்த அலையியற்றியும் முடிவில்லாத திறனைத் தருவதில்லை.

கணினி இங்கே உள்ளே வருகிறது. பெர்க்லியில் ரோரரும் அவர் மாணவர் நேகலும் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய நிரலுக்குக் 'கேன்சர்' என்று பெயர். அதன் வழிவந்த ஸ்பைஸ், 1973-இல் அரங்கேறியது. ஸ்பைஸ் என்பது ஒரு தொடரின் முதலெழுத்துகள். கடைசிச் சொல் 'எம்ஃபசிஸ்'. அந்த எம்ஃபசிஸுக்குள்ளும் கிரேக்க 'ஃபாசிஸ்' இருக்கிறது. நிலாவின் முகத்துக்குப் பெயரான சொல், அலையின் கட்டத்துக்கும் அதைக் கணிக்கவந்த நிரலுக்கும் ஒருங்கே பெயரில் அமைந்தது தற்செயல். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஸ்பைஸில் நாய்ஸ் கணக்கிடத் தனிக் கட்டளையே உண்டு. பெருக்கிகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். சுற்றில் அலை எதுவும் இல்லாத அசையாநிலையை முதலில் கண்டுபிடிக்கும். அந்த நிலையைச் சுற்றி எல்லாவற்றையும் நேர்கோடாக்கும். ஒவ்வொரு மின்தடையின் துடிப்பும் வெளியே எவ்வளவு வந்து சேரும் என்று கூட்டும். கூட்டும் என்பதுதான் இங்கே முக்கியமான வினை. அலையியற்றிக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? அசையாநிலை என்பது அலையியற்றி ஆடாமல் நிற்கும் நிலை. ஆடாத அலையியற்றியைச் சுற்றிப் போட்ட கணக்கு ஆடுகிற அலையியற்றியைப் பற்றி என்ன சொல்லும்? அனேகமாக ஒன்றுமில்லை.

அப்படியானால் அலை அலையாக நேரத்தோடு ஓடவிட்டே பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே இன்னொரு வேடிக்கையைக் காணலாம். மின்தூண்டியும் மின்தேக்கியும் இரண்டு டிரான்சிஸ்டரும் உள்ள ஒரு சுற்றை எழுதி, ஓடவிடுங்கள். திரையில் நேர்கோடு வரும். சுற்று சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆடாது. நிஜச் சுற்றில் மின்சாரம் கொடுத்ததும் வெப்பத் துடிப்பே முதல் தூண்டலாகி அலை வளரத் தொடங்குகிறது. கணினிக்குள் அந்தத் துடிப்பு இல்லை. கத்திமுனையில் நிறுத்திய சமநிலை அப்படியே நிற்கிறது. அதனால் வடிவமைப்பாளர்கள் மின்தேக்கிக்கு ஒரு தொடக்க மின்னழுத்தம் தருவார்கள், இல்லாவிட்டால் ஒரு சிறு மின்னோட்டத் துடிப்பால் சுற்றை உதைத்துவிடுவார்கள். அலையியற்றி பிறப்பதே நாய்ஸால்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது.

ஆட ஆரம்பித்த பிறகும் நிம்மதி இல்லை. பின்னோக்கு ஆய்லர் என்னும் எண்கணக்கு முறையில் ஓடவிட்டால் கணக்கு முறையே ஆற்றலைத் தின்றுவிடும். இழப்பே இல்லாத சுற்றிலும் அலை தேயும். சரிவக முறையில் உயரம் நிற்கும், ஆனால் அதிர்வெண் சற்றுக் குறையும். கணக்கின் துல்லியத்தைத் தளர்த்தி வைத்திருந்தால், ஒவ்வோர் அலையும் முந்திப் பிந்தி வருவது டிரான்சிஸ்டரின் குணமா, கணினியின் குணமா என்று பிரித்தறிய முடியாது. 1 கிகாஹெர்ட்ஸ் அலையியற்றியில் 1 கிலோஹெர்ட்ஸ் தள்ளி நடப்பதைப் பார்க்கக் குறைந்தது ஒரு மில்லிநொடி ஓடவேண்டும். அதாவது 10 லட்சம் அலைகள். அலைக்கு 50 புள்ளி என்றால் 5 கோடிப் படிகள். ஒரு தடவை ஓட்டியதும் போதாது. தற்செயலைச் சராசரி பார்க்கப் பல தடவை ஓட்டவேண்டும்.

இதற்கு வழி 1972-லேயே ஒருபக்கம் திறந்திருந்தது. ஏப்ரில், டிரிக் என்ற இருவர், அலையியற்றியின் ஒரே ஓர் அலையை மட்டும் பிடித்து, தொடங்கிய நிலைக்கே வந்து முடியும்படி திருத்தித் திருத்திக் கண்டுபிடிக்கும் முறையைக் கொடுத்தார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஓர் அலையின் நீளம் எவ்வளவு என்பதே தெரியாத எண்ணாக இருந்தது. அதோடு, விடை ஒன்று கிடைத்தால் அதைக் காலத்தில் எவ்வளவு தள்ளி வைத்தாலும் அதுவும் விடையாகவே இருந்தது. 'இந்தப் புள்ளியில் தொடங்கு' என்று வெளியிலிருந்து ஒரு நிபந்தனை போடாவிட்டால் கணக்கு முடியாது. கணக்கை முடிப்பதற்கான தந்திரமாக மட்டும் இதைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் ஃபேஸ் நாய்ஸின் முழு ரகசியமும் அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது. அலையியற்றிக்கு எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லவில்லை. உயரம் பிசகினால் சுற்றே அதைத் திருத்திப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். கட்டம் பிசகினால் திருத்த ஆள் இல்லை. தள்ளிய இடத்திலேயே இருந்து, அங்கிருந்தே மேற்கொண்டு ஆடும்.

இதில் பாதியை ஒருவர் மிக முன்னாலேயே சொல்லிவிட்டார். பிற்காலத்தில் அரச வானியலாளராகப் பல பத்தாண்டு இருந்த ஜார்ஜ் ஏரி, 1826-இல் கேம்பிரிட்ஜில் ஊசல்களுக்கு ஏற்படும் தொந்தரவுகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கடிகாரத்தின் ஊசலை ஆடவைக்கக் கொடுக்கும் உந்தலை, ஊசல் அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் கொடுத்தால் நேரம் கெடாது என்பது அதன் சாரம். ஊஞ்சலில் ஆடுகிற குழந்தையை, ஊஞ்சல் நடுவைக் கடக்கும்போது லேசாகத் தட்டினால் வீச்சு மட்டும் கூடும் அல்லது குறையும். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது தட்டினால் வீச்சு மாறாது, ஆனால் அடுத்த தடவை வரும் நேரம் மாறிவிடும். அதே தட்டு, விழுந்த கணம் வேறு.

1998-இல் ஸ்டான்ஃபோர்டின் ஹஜிமிரியும் லீயும் மின்சுற்றுக்கு இதையே விரிவாகச் செய்தார்கள். எலக்ட்ரான்களின் துடிப்பு அலையின் எந்தக் கணத்தில் வந்து விழுகிறது என்பதைப் பொறுத்து அது கட்டத்தை எவ்வளவு தள்ளும் என்று காட்டும் வளைகோடு ஒன்றை வரைந்தார்கள். ஊஞ்சலில் தட்டு மாற்றுவது வேகத்தை, இங்கே துடிப்பு மாற்றுவது மின்னழுத்தத்தை; அதனால் உச்சியும் நடுவும் இடம் மாறுகின்றன. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது விழும் துடிப்பு உயரத்தைத் தொட்டுவிட்டு மறைந்துபோகும். பூஜ்யத்தைக் கடக்கும்போது விழுவது கட்டத்தைத் தள்ளிவிட்டு நிலைத்துவிடும். ஏறும் பாதியும் இறங்கும் பாதியும் ஒத்திருந்தால் ஃப்ளிக்கரின் தொல்லை பெருமளவு குறையும் என்பது இதிலிருந்து வந்த நடைமுறைப் பாடம். சிலிக்கானில் வடிவம் போடுகிறவர்களுக்கு அந்த ஒரு பாடமே பெரிய வரம்.

மீதிப் பாதியை முடித்தவர்கள் டெமீர், மெஹ்ரோத்ரா, ராய்சௌத்ரி. 2000-இல் வந்த அவர்கள் கட்டுரை, கட்டத்தின் பிசகு கூடிக் கூடிப் போவதை ஒழுங்காகக் கணக்கில் எடுத்தது. பிசகின் சராசரி வர்க்கம் காலத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது: 100 மடங்கு நேரம் காத்திருந்தால் பிசகு 10 மடங்காகும், எல்லையே கிடையாது. 1905-இல் கார்ல் பியர்சன் 'நேச்சர்' இதழுக்கு எழுதிய கேள்வியில் 'ரேண்டம் வாக்' என்று பெயரிட்டது இதைத்தான். அதே ஆண்டில் ஐன்ஸ்டைன் நீரில் மிதக்கும் துகளுக்குக் கண்டதும் இதையே. இப்படிக் கணக்கிட்டதும், நடுவில் முடிவிலிக்கு ஓடிய சூத்திரம் அடங்கி ஒரு மழுங்கிய சிகரமாக நின்றது. அலையின் மொத்தத் திறன் ஒரு துளியும் கூடவில்லை. ஒற்றைக் கோட்டில் இருந்ததே பரவிக் கிடக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. 'இரைச்சல்' என்ற சொல்லின் படம் பொய்யாகும் இடம் இது.

இயற்பியலாளர்களுக்கு இது முன்பே தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெல் ஆய்வகத்தின் மெல்வின் லாக்ஸ் 1967-இல், லீசனுக்கு மறு ஆண்டே, கட்டம் பரவிப் போவதை எழுதிவிட்டார். அவர் கட்டுரைத் தலைப்பிலும் 'நாய்ஸ்' இருக்கிறது; ஆனால் உள்ளே நடக்கும் கணக்கு அலைச்சலின் கணக்கு. சுற்று வடிவமைப்பாளர்கள் அதைக் கையில் எடுக்க முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1990-களின் நடுவில் வந்த ஸ்பெக்டர்ஆர்எஃப் போன்ற மென்பொருள்கள் ஓர் அலையை முழுதாகப் பிடித்து, அதைச் சுற்றி நாய்ஸைக் கணக்கிட்டுப் பெரும்பாலான வேலைக்குப் போதுமான விடையைத் தந்தன. அந்தக் கட்டளைக்கும் 'பி-நாய்ஸ்' என்றே பெயர். பழைய சொல்லின் பிடி அவ்வளவு எளிதில் விடுவதில்லை.

தரநிலை வகுத்தவர்களும் வழக்கை மாற்றவேண்டி வந்தது. தொடக்கத்தில் ஃபேஸ் நாய்ஸ் என்பது பக்கத்தில் சிதறிக் கிடக்கும் திறனுக்கும் அலையின் திறனுக்கும் உள்ள விகிதம். அனலைசர் திரையில் கண்ணால் பார்ப்பது. கட்டம் அதிகமாக அலையும்போது இந்த விகிதம் உண்மையைச் சொல்லாமல் போனது. ஐஇஇஇ-யின் 1139 என்ற தரநிலை, கட்டத்தின் ஏற்ற இறக்க நிறமாலையில் பாதி என்று வரையறையையே மாற்றிவைத்தது. திரையில் தெரியும் திறனைக் கைவிட்டு, கட்டம் என்ற கோணத்தையே அளவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

தொலைத்தொடர்புக்காரர்கள் மட்டும் வேறு பாதையில் போனார்கள். கட்டம் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஆடினால் அவர்கள் வழக்கில் அது 'ஜிட்டர்', நடுக்கம். பத்துக்குக் கீழே மெதுவாக நகர்ந்தால் 'வாண்டர்'. வாண்டர் என்றால் அலைதல். இந்தத் துறையில் வைத்த பெயர்களில் என் கணிப்பில் மிகச் சரியானது அதுதான்.

தமிழில் நமக்கு இந்தச் சொல் வேரிலேயே இருக்கிறது. அலைவு ஒழுங்கான ஆட்டம். அந்த ஆட்டத்தின் கட்டம் திரும்பாமல் தள்ளிக்கொண்டே போவது அலைச்சல். மின்தடையின் வெப்பத் துடிப்பும் டிரான்சிஸ்டரின் ஃப்ளிக்கரும் இரைச்சல்தான், அவற்றை மாற்றவேண்டாம். பெருக்கியில் அவை கூடிவிடுகின்றன, கேட்கவும் செய்கின்றன. அலையியற்றியில் இரைச்சல் காரணம், அலைச்சல் விளைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால், ஒன்றைக் கூட்டி மற்றதைக் கண்டுபிடிக்கலாம் என்று மாணவர் நினைப்பார். ஸ்பைஸில் பெருக்கிக்குரிய கட்டளையை அலையியற்றிக்குக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பார்.

மின்னணுவியல் கலைச்சொல் தொகுப்போருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த பதிப்பில் 'கட்ட அலைச்சல்' என்று தலைச்சொல் போடுங்கள். 'கட்ட இரைச்சல்' என்று எழுதிப் பழகியவர்கள் தேடிவரும்போது வழி தெரிய, அதைப் பக்கத்தில் மாற்றுச்சொல்லாகக் கொடுத்துவிடுங்கள்.